வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

எழுபதுகளில் பஹ்ரைனில், ஈசா டவுனில் குடியிருந்தோம். ஒரு கோடையில் ஊரே வெயிலில் உருக, நான் மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தேன். எல்லோர் பேச்சும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. தைராய்டு சுரப்பி சோர்ந்துவிட்டது, இனி ஆயுளுக்கும் தினம் மாத்திரை என்றார் டாக்டர். பயத்தில் நான்கு நாள் அதைத் தொடவேயில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். உயரமான, ஒல்லியான பெண். நடந்தால் சத்தமே கேட்காது. பேசுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் எதையும் கேட்பார்.

"மாத்திரை போட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குமாமே, சிஸ்டர். பயமா இருக்கு" என்றேன்.

என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இப்பமே அப்பிடித்தானே அடிக்கு, அக்கா. நீங்க இன்னும் மாத்திரையே போடலியே."

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட இங்க வாங்க. நான் டியூட்டியிலதான் இருப்பேன்."

மறுநாள் அவர் முன்னால் விழுங்கினேன். ஏசி முனகியது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெயில் மெல்ல அசைந்தது. வேலைக்கு நடுவே வந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. அதைச் சொல்லப் போனபோது அவர் வேலை மாறி மஸ்கட்டுக்குப் போயிருந்தார். நான் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்தப் புது ஊரில் அவருக்குப் பயம் வந்தபோது யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ என்று இன்றும் சில காலைகளில் நினைத்துக்கொள்கிறேன்.