அடுப்பருகே குளிர்

பேக்கரி மாஸ்டருக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆளும் கனம், குரலும் கனம். ஒருநாள் மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே முதலாளி சொன்னார்:

"மாஸ்டர், கைக்கு எதுக்கு வேலை? தொப்பையே பிசைஞ்சுடும்போல இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவில்லை.

சர்க்கரையை விட்டார். பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டார். உடம்பு இளைக்க இளைக்க, வருகிறவர் போகிறவர் எல்லாம் முதுகில் தட்டினார்கள். "புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க! என்ன ரகசியம்?" அந்தப் பேச்சிலேயே அவருக்கு வயிறு நிறைந்தது. கொஞ்ச நாளில் பாராட்டு நின்றது. இளைப்பது நிற்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "கடையிலேயே ஆச்சு" என்பார். கடையில் கேட்டால், "வீட்ல ஆச்சு." தையல் கம்பெனி வேலை முடிந்து களைத்து வரும் மனைவி அதை நம்பினாள்.

ஆனால் சமையல் மட்டும் அவர் கைக்கு வந்துவிட்டது. வெண்ணெயை வாரி இறைத்து மனைவிக்கும் மகளுக்கும் செய்துபோடுவார். அவர்கள் சாப்பிடும்போது சுவரில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வாயையும் கண்கொட்டாமல் பார்ப்பார்.

"நீங்களும் உக்காருங்களேன்."

"நீங்க சாப்பிடறதைப் பார்த்தாலே போதும் எனக்கு."

அந்தப் பார்வை மனைவிக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அதன் பிறகு, கொதிக்கிற அடுப்பறையில் மற்றவர்கள் பனியனோடு வியர்த்து வழிய, மாஸ்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். முன்கையில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் படர்ந்தது. தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. ஒருநாள் கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவி மாவுக்குள் போய், யாரோ வாங்கிய ரொட்டிக்குள் அகப்பட்டது. "ரொட்டி வாங்க வந்தவங்களுக்கு மோதிரமும் சேர்த்துக் குடுக்கறீங்களா மாஸ்டர்?" என்று கடையே சிரித்தது. மோதிரத்தைக் கையில் வாங்கிய மனைவி அதை மறுபடி அவர் விரலில் போட்டுப் பார்த்தாள்; நிற்கவில்லை.

ஒரு மாலை மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கும் வேண்டாம். அப்பா மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கப் போறேன்."

மறுநாள் காலையில் மனைவி அழுது, கத்தி, கையைப் பிடித்து இழுத்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நர்ஸ் ஒருமுறை நாடி பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். "எழுந்திருக்காதீங்க. அப்படியே படுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரை அழைக்க ஓடினாள்.

"இது டயட் இல்லம்மா, பிடிவாதமும் இல்ல" என்றார் டாக்டர். "அனோரெக்ஸியான்னு, சாப்பாட்டையே ஒதுக்க வைக்கிற மனசு நோய். பொண்ணுங்களுக்குத்தான் வரும்னு நினைச்சு, ஆம்பளைங்களை நாங்களே தவறவிட்டுடறோம். எரிக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லாம, உடம்பு இப்ப இதயத்தோட தசையில கைவெச்சிருக்கு. இப்படியே விட்டா, தூக்கத்துலயே இதயம் நின்னுடலாம்."

மாஸ்டர் சட்டையைத் தூக்கினார். விலா எலும்புகளுக்குக் கீழே இருந்த தோலைக் கிள்ளிக் காட்டினார். "இதைப் பாருங்க டாக்டர். இன்னும் குண்டாத்தான் இருக்கேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது.

வாரக்கணக்கில் படுக்கையில் இருந்தார். திடீரென்று நிறையச் சாப்பிட்டாலும் ஆபத்து என்று, ரத்தப் பரிசோதனை செய்து செய்து சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். அரைக் கிண்ணம் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல அழுதார். மனநல ஆலோசகரிடம் முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் பேசினார்.

பார்க்க வந்த முதலாளி கட்டில் ஓரத்தில் கூனிக்குறுகி நின்றார். "அன்னைக்கு விளையாட்டாத்தான் சொன்னேன் மாஸ்டர்..."

"உங்க ஒரு பேச்சால மட்டும் வந்ததில்ல முதலாளி. அது உள்ளுக்குள்ள எங்கயோ காத்துக்கிட்டு இருந்திருக்கு. நீங்க கதவைத் தட்டினீங்க, அவ்வளவுதான்."

இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறார், பாதி நாள் மட்டும். மூவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். போன வாரம் துணி துவைக்கும்போது, அவர் சட்டைப் பையில் சாப்பிடாமல் ஒளித்துவைத்த, நசுங்கிய ரொட்டித் துண்டு ஒன்று மனைவியின் கையில் தட்டுப்பட்டது. அவள் கத்தவில்லை. அதை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைக் கையில் எடுத்தார்.

"அந்த நோய் திரும்ப வந்து கூப்பிடுது" என்றார். "டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீயும் கூட வா."