தலையாட்டும் நோயாளி

கீமோவுக்காக லீவு போட்டு மூக்கண்டப்பள்ளி வீட்டில் கிடக்கும் இந்த நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நோயாளி. பார்க்க வருகிறவர்கள் வைத்தியம் சொல்லச் சொல்ல அவன் தலையாட்ட வேண்டும். தலையாட்டும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெம்பு குறையும்.

இன்று கம்பெனி சூப்பர்வைசர் சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தார். விளையாடிப் பார்க்கச் சொன்னேன்.

மூன்றே நிமிடத்தில் நோயாளி செத்துப்போனான்.

"என்னப்பா, பேசியே ஆளக் கொன்னுட்டானுங்க. வாய மூடுங்கன்னு சொல்ல எந்த பட்டன அமுக்கறது?"

"அது இல்லிங்க சார்."

"அத மொதல்ல வை," என்று எழுந்தவர் வாசலில் நின்றார். "பேரிகைன்னு ஒரு ஊரு, அங்க ஒருத்தர் கஷாயம் தர்றாரு. கீமோவ நிறுத்திட்டு அதக் குடி."

தலையாட்டினேன்.

அந்த பட்டனைச் செய்யத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். வைத்தியம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.