செங்கோடன் காட்டில் நின்ற இறக்கை

காலை 6.40. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, ஒரு குச்சிக்கிழங்குக் காட்டின், அதாவது மரவள்ளி வயலின், மூலையில் முதலில் கண்ணில் பட்டது வரப்புக் கல்லின் மேல் ஒரு சிவப்புக் கோடு. சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் போட்ட பெயின்ட். கோட்டுக்கு உள்ளே, சாலை வரப்போகிற பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு ஓர் உலோகத் தகடு மண்ணில் நட்டு நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளி மாலை போட்டிருந்தார்கள். தகட்டின் உடல் மேலே போகப் போக லேசாக முறுக்கியிருந்தது. எங்கும் துரு இல்லை.

அது ஒரு போர் விமானத்தின் ப்ரொப்பெல்லர் இறக்கை. பல வருடங்களாக நான் தேடிக்கொண்டிருந்த பாகம்.

பரோட்டாக் கல்

சேலத்தில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு அஸ்தம்பட்டியில். உலகப் போர்க் காலத்தில் இந்தப் பக்கம் விழுந்த ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பற்றி ஒரு செய்திக்காக விசாரிக்கப் போனேன். செய்தி அச்சாகிவிட்டது. விசாரிப்பது மட்டும் நிற்கவில்லை. கிடைத்த பாகங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மெட்டல் டிடெக்டர் வாங்குவதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். விழுந்த விமானம் மண்ணுக்குள் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் வீடுகளில் இருக்கும். எக்ஸாஸ்ட் குழாய் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அலுமினியத் தகடு கோழிக்கூண்டின் கூரையாக இருக்கும். விமானியின் முதுகுக்குப் பின்னால் குண்டு துளைக்காமல் இருக்க வைத்த கவசத் தகடு, பஸ் ஸ்டாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பரோட்டாக் கல்லாக இருந்தது.

பதிலுக்குப் புதுக் கல் வாங்கித் தருகிறேன் என்றேன். கடைக்காரர் கரண்டியை நிறுத்தவில்லை.

“இது காயறதுக்கு அரை மணி நேரம் ஆகுமுங்க. ஒருக்கா காஞ்சுபோச்சுன்னா பொழுது சாயற வரைக்கும் ஆறாது. உங்க புதுக்கல்லு அப்பிடி நிக்குங்களா?”

நிற்காது என்று எனக்கே தெரியும். போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெட்டியில் அந்தக் கவசத் தகட்டின் இடத்தில் போட்டோதான் இருக்கிறது. ஒரு பொருள் முன்பு என்னவாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். இப்போது என்னவாக இருக்கிறது என்று கேட்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும். இதை அந்தக் கடையில் கற்றுக்கொண்டேன்.

இரண்டு பெயர்கள்

இறக்கை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் பறந்த இரண்டு விமானங்கள் திரும்பவில்லை. இரண்டும் ஒரே ரகம். ஒன்று இங்கே விழுந்தது, இன்னொன்று கிடைக்கவே இல்லை. இங்கே விழுந்தது யாருடையது என்று தெரியாததால், பெட்டியின் அட்டையில் இரண்டு விமானிகளின் பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தேன். விமானிகளில் ஒருவரின் தங்கை மகள் இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு இறக்கையின் அடிப்பக்கத்திலும் ஓர் எண்ணைப் பொறித்திருப்பார்கள். எந்த எண் எந்த விமானத்துடையது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது; அதைப் படித்தால் கேள்விக்குறியை எடுத்துவிடலாம். இங்கே அடிப்பக்கம் மண்ணுக்குள் இருந்தது.

காட்டுக்காரர் ராமசாமி. அவர் அதிகம் பேச மாட்டார். பேசுவது அவர் மனைவி செல்லம்மாள்.

“எங்கூட்டுக்காரருக்குத் தாத்தனுங்க, செங்கோடன்னு பேரு. ஏரோப்பிளேன் உழுந்தப்ப எல்லாரும் இந்தப்பக்கம் ஓடியாந்தாங்களாம். அவரு மட்டும் அந்தப்பக்கம் ஓடுனாராம், உள்ள ஆளு கத்தறாங்கன்னு. தீப்புடிச்சு ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவரு கெடந்த எடத்துல இது கெடந்துச்சு. அதையே நட்டுக் கும்புட்டுட்டு வாரோம்.”

அட்டையின் படத்தை செல்போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“வெள்ளைக்காரரு பேரு ரெண்டு போட்டிருக்கறீங்க. அதுல ஒண்ணு சும்மா. காட்டோட இருந்து செத்தவரு பேரு எங்கீங்க?”



அவர் கவலை வேறு. மறுநாள் ஜேசிபி வருகிறது. கோடு போட வந்தவர்கள் தகட்டைப் பார்த்து, “இரும்பு சாமானத்தை எடுத்துருங்கம்மா” என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். “சாமியப் போயி சாமானம்கறாங்க. நீங்க பேப்பர்ல இருந்தவரு, வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லோணும்” என்றார்.

ஒரு காலம்தான்

மறுநாள் வருவாய் ஆய்வாளர் வந்தார். இளைஞர், தன்மையாகத்தான் பேசினார். தகட்டைச் சுற்றி வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், இதைப்பத்தித் தெரிஞ்சவரு நீங்கதானாமா. ஏரோப்பிளேன் பாகம்னு சொன்னீங்கன்னா நான் மேல எழுதியாகணும். வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. கோயில்னா, தள்ளி வெக்கறதுக்கு டைம் குடுக்கலாம். என்னன்னு எழுதட்டும்?”

செல்லம்மாள் தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எழுதினால் இறக்கை அரசாங்க அறைக்குப் போகும். அங்கே அனுமதி வாங்கி எண்ணைப் படிக்க எனக்கு ஒரு மாதம் போதும். அதையும் நினைத்தேன்.

“ரெண்டும்தான்” என்றேன்.

“ரெண்டுன்னு எழுத இந்த ஃபாரத்துல எடமில்லீங்க. ஒரு காலம்தான் இருக்குது.”

“விமானத்துல இது இருந்தது மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். இங்க நிக்கறது எண்பது வருஷத்துக்குப் பக்கம். கணக்கு நீங்களே பாத்துக்குங்க.”

அவர் சிரித்துவிட்டு, கோயில் என்று எழுதினார். “சாயங்காலத்துக்குள்ள தள்ளி வெச்சுருங்க. ஜேசிபியை அந்தக் கடைசியில ஆரம்பிக்கச் சொல்றேன்” என்றார்.

பூ கேட்டது

சாமியை இடம் மாற்றுவதற்கு முன் பூ கேட்க வேண்டும். ராமசாமி தகட்டின் உச்சியில் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என இரண்டு அரளிப் பூக்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டினார். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம். சூடம் அணைவதற்குள் வலப்பூ விழுந்தது. செல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடப்பாரையை எடுத்தபோது செல்லம்மாள் இன்னொரு விவரமும் சொன்னார். அடிப்பக்கம் சாமியின் பாதம். மண்ணிலிருந்து எடுத்தால், மறுபடி மண்ணில் வைக்கும் வரை யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்குப் புது வேட்டி தயாராக இருந்தது.

நான் கேமராவைக் கையில் வைத்திருந்தேன். பாதத்தில் ஓர் எண் இருக்கிறது, ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எதற்கு என்பதையும் சொன்னேன்.

செல்லம்மாள் யோசித்தார். “நீங்க எங்களுக்காக வந்து நின்னவரு. நான் வேண்டாங்கறதுக்கு ஆரு? அவரையே கேட்டுப்போடலாமுங்க.”

மறுபடி இரண்டு பூக்கள். இந்த முறை நேரமாயிற்று. ஜேசிபி டிரைவர்கூட எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். இடப்பூ விழுந்தது.

ஆய்வாளருக்குத்தான் மனம் கேட்கவில்லை. “அம்மா, காத்து அடிச்சுதும்மா, நான் பாத்தேன். இன்னொருக்கா கேளுங்க.”

“ஒருக்கா சொன்னவரத் திருப்பித் திருப்பிக் கேட்டா உங்களுக்குக் கோவம் வராதுங்களா, தம்பி? அவருக்கும் வருமுங்க” என்றார் செல்லம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

கேமராவைப் பையில் போட்டேன்.

தகட்டைச் சாய்த்து, மண் விலக விலக வேட்டியைச் சுற்றினார்கள். நினைத்ததைவிடக் கனம். தூக்க நான்கு பேர் வேண்டும். ராமசாமி, ஜேசிபி டிரைவர், ஆய்வாளர். நான்காவதாக என்னைக் கூப்பிட்டு பாதத்துப் பக்கம் நிற்கச் சொன்னார் ராமசாமி. அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

காட்டின் மறு மூலைக்கு நடந்தோம். வேட்டி மெல்லியது. பாதி தூரத்தில் என் வலது கை விரல்களுக்கு அடியில் வரிசையாகப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. முதலாவது ஓர் எழுத்து. அடுத்தது வளைவாக, மூன்று அல்லது எட்டு. விரலை நகர்த்தினால் மிச்சமும் தெரிந்துவிடும்.

“ஒரு நிமிஷம் இறக்குங்க” என்று சொல்லி, முட்டியில் தாங்கிக்கொண்டு, கையை மேலே மாற்றிப் பிடித்தேன்.

குழி கிழக்கு பார்த்து வெட்டியிருந்தது. இறக்கி, மண் தள்ளி, தண்ணீர் விட்டு மிதித்தோம். செல்லம்மாள் மஞ்சள் கரைத்துப் பூசினார்.

இங்கிலாந்துக்கு, எண் கிடைக்கவில்லை என்று எழுதினேன். மறு வாரம் கல்லூரிக்குப் போய் அட்டையை மாற்றினேன்.

அதில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. கேள்விக்குறி இரண்டு பெயர்களுக்குத்தான்.