கடைக்குட்டிக்கு வீடு

“கோவத்துல வரல தங்கச்சி. இந்த வாட்டி யாரு மேலயும் கோவமே இல்ல.”

நோட்டரி புருல்ச்சா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாசலில் செருமும் சத்தத்திலேயே ஷர்ஷென் என்று தெரிந்துவிடும். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்துக்கொள்வார். கோட்டுப் பையிலிருந்து உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்து, ஒட்டியிருக்கும் பஞ்சை ஊதிவிட்டு, அவள் மேசையில் வைப்பார். அதற்கப்புறம்தான் உயில்.

நாரின் மலையூரில் பாதிப் பேர் உயிலே எழுதாமல் போய்ச் சேருகிறார்கள். ஷர்ஷென் சண்டைக்கு ஒன்று எழுதுவார். தாயின் நினைவு நாளுக்கு மூத்த மகன் போலோத் வராத வருஷம், அவன் பங்குக் குதிரைகள் போயின. அவன் ஒரு ஜோடி பூட்ஸ் அனுப்பினான். குதிரைகள் திரும்பி வந்தன. இளையவன் குபாத் மாஸ்கோவிலிருந்து பேசியபோது மரியாதையாக விடைபெறாமல் போனை வைத்தான். தோட்டத்தில் பாதி போயிற்று. வீடு மட்டும் எந்த உயிலிலும் அசைந்ததில்லை. ஊர் வழக்கப்படி வீடு கடைசிப் பிள்ளைக்கு. அதை எழுதத் தேவையே இல்லை.

“எழுதி எழுதி எனக்குத்தாண்ணே கை விட்டுப்போகுது.”

“எனக்கு மட்டும் என்னவாம்? படுத்தா தூக்கம் வரல. எந்திரிச்சா உக்காரத் தோணுது.”

மலைக் கணவாயில் லாரி ஓட்டியே தேய்ந்த உடம்பு அவருடையது. இடது தோள் சரிந்திருக்கும். பனி வெளிச்சத்துக்கு இடுக்கிய கண்களை அறைக்குள் வந்தும் முழுசாகத் திறப்பதில்லை. சண்டை போடவும் இப்போது தெம்பில்லை என்று புருல்ச்சாவுக்குப் பட்டது.

வெளியே வராந்தாவில் அவர் மருமகள் அய்பெரி கைக்குழந்தையோடு நடந்துகொண்டிருந்தாள். குபாத்தின் மனைவி. அவன் போன் பேசுவது குறைந்து, நின்றும் போய்விட்டது. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருப்பதாகச் சந்தையில் பேச்சு. அய்பெரிக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் அண்ணன்மார் குடும்பங்களுக்கே படுக்க இடம் போதாது. மாமனாருக்கு ரொட்டி சுட்டு, கரி அள்ளி, மாடு கறந்து அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

கையிலிருந்தது போலோத்தின் தலைப்பிள்ளை. பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் கொண்டுவந்து தாத்தா மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே முறைப்படி தலைப்பேரன் தாத்தாவுக்குத்தான் மகன். ஷர்ஷென் தன் அப்பா பேரையே வைத்தார். புகுந்த வீட்டுப் பெரியவர் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அய்பெரிக்குப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட வழியில்லை. “அழக்கூடாதுங்க பெரியவரே, இதோ பால் வந்துரும்” என்று மரியாதையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“வீட்ட மாத்தணும்” என்றார் ஷர்ஷென். “இப்ப அவந்தான எனக்குக் கடைக்குட்டி. நேத்து என் மீசையப் புடிச்சு இழுத்தான். விடவே மாட்டேங்குறான். என்னா பிடிங்குற!”

புருல்ச்சா கதவு வழியாக அய்பெரியைப் பார்த்தாள். நடை நின்றிருந்தது.

“மகன்னு எழுதினா செல்லாதுண்ணே. சட்டத்துக்கு அவன் பேரன்.”

“பேரன்னு எழுதினா, வாங்குன பிள்ளையத் திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

“எப்படி எழுதினாலும் அவன் பெரியவனாகுற வரைக்கும் சாவி பெத்தவங்க கையிலதான்.”

இதற்கு அவர் கத்தியிருக்க வேண்டும். போலோத் அந்த வீட்டை விற்றுத் தலைநகரில் ஃப்ளாட் வாங்கத் துடிப்பது ஊருக்கே தெரியும். ஷர்ஷெனோ தொப்பியின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார்.

“அப்ப முடியாதுங்குற.”

“முடியாது.”

“நீதான் சொல்ற. நான் சொல்லல.”

“நாந்தான் சொல்றேன்.”

பெருமூச்சு விட்டார். “பின்ன என்ன பண்றது. யாரு பிள்ளையத் தூக்கிச் சுமக்குறாளோ அவளுக்கே எழுது.”

“மருமகளுக்கா? பசங்க சும்மா இருப்பாங்களாண்ணே?”

“கேக்க வந்தா உங்கிட்ட அனுப்பி வைக்கிறேன்.”

புருல்ச்சா பேனாவைக் கீழே வைத்தாள். புருஷன் இருக்க மருமகள் பேரில் வீடு. அவள் எழுதியதே இல்லை. குழந்தை மறுபடி வீறிட்டது. அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

“உயில்ல பேரு எழுத உன் பாஸ்போர்ட் வேணும்மா. அவசரமில்ல, வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வா.”

அய்பெரி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போர்வை மடிப்புக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

“இத எதுக்குக் கொண்டாந்த?”

“காலையில டீ குடிக்கும்போது மாமாதாங்க சொன்னாங்க.” அய்பெரி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “‘உன் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்க தாயி. அந்த நோட்டரி பிள்ள முடியாது, முடியாதுன்னு சட்டம் பேசும். நான் வேற வழியில்லாம ஒத்துக்குறேன்’னு.”