நான்காம் வரிசை, பதினோராம் குழி

காலைத் திரிகால ஜெப மணியை அடித்து முடித்ததும் சத்தியராஜ் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். கையில் முடிச்சு முடிச்சாகப் போட்ட ஆறடிக் கயிறு, சட்டைப் பையில் சாக்பீஸ், தோளில் துவர்த்துத் துண்டு. ஒவ்வொரு சிலுவையின் முன்னும் நின்று நாள் சொல்லிக்கொண்டே போவார். “ராஜையாண்ணே, ஒமக்கு இனியும் ரெண்டு வருசம் உண்டு. கெடந்து ஒறங்கும்.” அடுத்த வரிசைக்குப் போய், “டீச்சரே, ஓணம் கழிஞ்சா நீங்க எறங்கணும் கேட்டியளா.” பஸ் கண்டக்டர்கூட இவ்வளவு கறாராக ஸ்டாப் சொல்லமாட்டார்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கதீட்ரல் ஒன்றில் அவர் கபியார். கதவைத் திறப்பது, மணி அடிப்பது, பூசைக்கு அப்பமும் திராட்சை இரசமும் எடுத்து வைப்பது, செத்தவர்களுக்குக் குழி அளந்து கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஓலைக்கூரையாக இருந்த கோயில் ஓட்டுக்கு மாறி, கான்கிரீட்டாகி, மறைமாவட்டம் பிரிந்தபோது கதீட்ரல் ஆனது. மெத்திரான் எனும் ஆயரின் நாற்காலியை லாரியிலிருந்து இறக்கிய நான்கு பேரில் இவரும் ஒருவர். அன்றிலிருந்து தினமும் அதைத் துடைக்கிறார். ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லையாம். நம்பலாம். பூசையில் மலையாளத்தில் பதில் சொல்லி, ஜெபமாலையைத் தமிழில் சொல்லி, மனைவி பிரேமகுமாரியிடம் இரண்டு மொழியிலும் சண்டை போடுகிற மனிதர்.

கோயில் வளர்ந்ததே தவிர கல்லறைத் தோட்டம் வளரவில்லை. அதனால் இங்கே யாருக்கும் குழி சொந்தமில்லை. வரிசைப்படி அடக்குவார்கள். பன்னிரண்டு வருடம் கழிந்து முறை சுற்றி வரும்போது அதே குழியைத் தோண்டி, கிடைக்கிற எலும்புகளை வெள்ளைத் துணியில் பொதிந்து, பின்பக்கத்து எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டுப் புதியவரைக் கிடத்துவார்கள். அழுகிறவர்களிடம் சத்தியராஜ் சொல்வது ஒன்றுதான். “இது வாடக வீடாக்கும். மெத்திரானுக்கு மட்டும்தான் சொந்த வீடு, அதும் கோயிலுக்கு உள்ள.”

கோயில் வாசலில் மெழுகுதிரி விற்ற கிருபாபாயிடமும் ஒரு காலத்தில் இதையே சொன்னார். அவள் மகன் அனிலின் குழிக்கு முறை வந்தபோது, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

“ஒரே ஒரு வருசம் விடும் கபியாரே. எம்பிள்ள இப்பந்தானே ஒறங்கத் தொடங்கியிருக்கு.”

“ஆளுக்கொரு மொறை இங்க கெடையாதுக்கா” என்று கயிற்றை விரித்தார். எலும்புப் பொதியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் எறிந்தார். அவள் மதிலோரம் நின்று அதைப் பார்த்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அடுத்த வருடம் கர்க்கடக மழையில் எலிக்காய்ச்சல் வந்தது. காரக்கோணத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள் லிஜி மூன்றே நாளில் போய்விட்டாள். நான்காம் வரிசை, பதினோராம் குழி. அன்றும் அவர்தான் கயிற்றை விரித்தார். அதன்பிறகு வருடந்தோறும் லிஜியின் நினைவு நாளில், இவர் கேட்காமலே கிருபாபாய் ஒரு மெழுகுதிரியை நீட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவருக்குப் பாரம் குறைந்திருக்கும்.

இந்த வருடம் முறை சுற்றி நான்காம் வரிசைக்கு வந்தது. குழிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தன. ஊரில் யாருக்காவது மூச்சு முட்டுகிறது என்று கேள்விப்பட்டால், அந்த வீட்டுக்காரர்களைவிட இவர் அதிகம் ஜெபித்தார். பத்தாம் குழியும் நிறைந்தது. அடுத்து இறந்தது கிருபாபாய்.

அவளுக்குச் சாவு மணி அடித்துவிட்டு வந்தவர், பதினோராம் குழியைத் தாண்டிப் போய்ப் பன்னிரண்டாம் சிலுவையில் சாக்பீஸால் குறி போட்டார். குழி வெட்டும் அஜீஷ் தயங்கினான்.

“மாமா, பதினொண்ணு இல்லியா மொறை?”

“அதுல அடியில பாறையாக்கும். நீ இதுல வெட்டு.”

ஊருக்குத்தான் உபதேசம். அஜீஷ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அந்தக் குழியில் கிடப்பது யார் என்று அவனுக்கும் தெரியும்.

அப்போது பக்கவாசல் வழியாகப் பிரேமகுமாரி வந்தாள். கையில் மடிப்புக் கலையாத பாலராமபுரம் வெள்ளைத் துணி. அதை மகளின் சிலுவையடியில் வைத்தாள்.

“இது எப்ப வாங்கின?”

“சித்திரையில. பன்னெண்டு வருசம் தெகையப் போவுதுன்னு எனக்குத் தெரியாதா?” அவள் அழவில்லை. “அந்த அக்காளுக்கு நம்ம பிள்ளைக்க எடத்தக் குடுக்க வேண்டாமா?”

சத்தியராஜ் பன்னிரண்டாம் சிலுவையில் போட்ட சாக்பீஸ் குறியை உள்ளங்கையால் அழித்தார். பிறகு கூப்பிட்டார்.

“அஜீஷே, இங்க வா மக்கா. மெதுவா வெட்டு. பாறை ஒண்ணும் இல்ல.”

மார்பளவு ஆழம் வந்ததும் அவனை ஏறச் சொல்லிவிட்டு அவரே இறங்கினார். மண்வெட்டியைத் தொடவில்லை, விரலால் மண்ணை விலக்கி விலக்கி எடுத்தார். பிரேமகுமாரி விரித்துப் பிடித்த துணி பாதிகூட நிறையவில்லை. பங்கு அச்சன் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். பொதியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சத்தியராஜ் கிணற்றடிக்குப் போனார்.

இத்தனை வருடம் எறிந்த கைக்கு அன்று எறிய வரவில்லை. அளவுக் கயிற்றைப் பொதியில் கட்டி, கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு முடிச்சாக இறக்கினார். ஊரையே அளந்த கயிறு அடிவரை எட்டவில்லை. பொதி அந்தரத்தில் நின்றது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே, தோளில் கிடந்த துவர்த்தை மறு கையால் இழுத்து, பல்லால் கடித்து, கயிற்றின் முனையோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்.