மூன்றாம் நாள் காட்சி

இரண்டு வாரத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்கு ஜாதவ்பூரிலிருந்து போன். மைதிலியின் மகள் நந்தினி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டா" என்றாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பாம். இரண்டு வருஷமாக நானும் மைதிலியும் பேசவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காரணம் தெரியாது. நம் கல்கத்தாத் தமிழர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நிஜத்தை இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

சீரியல்களில் கன்டினியூயிட்டி பார்ப்பது அவள் வேலை. நேற்று எடுத்த காட்சியில் நாயகியின் முந்தானை எந்தத் தோளில் இருந்தது, விளக்கில் எத்தனை திரி எரிந்தது என்று படம் பிடித்து வைத்துக்கொண்டு, இன்று ஒன்று மாறினாலும் கையைத் தூக்குவாள். நான் நகைகளுக்குப் பொறுப்பு. கடைசியாக நாங்கள் சேர்ந்து செய்தது ஒரு பழைய வங்காள நாவல். ஜமீன், பல்லக்கு, நூறு விளக்குச் சரவிளக்கு எல்லாம் உண்டு. லேக் கார்டன்ஸில் ஒரு சீமந்தத்தில் யாரோ அவளைச் சீண்டினார்கள்: "கதைதான் ஊருக்கே தெரியுமே மைதிலி, அதைப் போய் யார் பார்ப்பா?" அவள் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தெரிஞ்சவாதான் பார்க்கறா. புருஷன் செத்துப்போவான்னு தெரியும். அன்னிக்கு அந்த வீடு எப்படி இருந்ததுன்னு பார்க்கத்தான் உக்காந்திருக்கா."

அந்தப் புருஷன் செத்த மூன்றாம் நாள் காட்சியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வடக்குக் கல்கத்தாவில் ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அன்றே கடைசி நாள், மாலை ஆறு மணிக்குக் காலி செய்ய வேண்டும். பல வருஷம் உதவியாளராக இருந்த எனக்கு, தனிப் பொறுப்பாகக் கிடைத்த முதல் சீரியல் அது. "வங்காளி வீட்டு நகையைப் பற்றி மதராஸிக்கு என்ன தெரியும்?" என்று தயாரிப்பாளர் முதல் நாளே என் காதுபடக் கேட்டிருந்தார். ஒரு தப்பு போதும், என்னைத் தூக்கிவிடுவார்.

நாயகி புதுப்பெண். கரையில்லாத வெள்ளைப் புடவை கட்டி, சால்வை போர்த்தியிருந்தாள். நெற்றிக் குங்குமத்தை மேக்கப்காரர்களே துடைத்துவிட்டார்கள். வங்காளிச் சுமங்கலிகள் போடும் சங்கு வளையலைக் காட்டி, "தீதி, இதுவும்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வள்ளென்று விழுந்தேன். "அதெல்லாம் பத்தாம் நாள் காட்சியில். சார்ட்டைப் பார்!" நம் வீடுகளில் தாலி பத்தாம் நாள்தானே இறங்கும்? அதையே சார்ட்டில் எழுதி வைத்திருந்தேன். வங்காளத்தில் புருஷன் செத்த அன்றைக்கே வளையலை உடைத்துவிடுவார்கள் என்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. பாவம், அந்தப் பெண் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

சால்வைக்குள் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கடைசி ஷாட்டில் அவள் கதவைப் பிடித்தாள். சால்வை நழுவியது. மணிக்கட்டில் வெள்ளை வளையல், ஒரு கணம்தான். "ஓகே!" என்று டைரக்டர் கை தட்டினார். விளக்குகளை இறக்க ஆரம்பித்தார்கள். மைதிலி மானிட்டரை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"மணி அஞ்சாச்சு. ஒரு நொடிடீ. யார் கவனிக்கப்போறா?"

"கீழ் வீட்டு வங்காளிக் காக்கிமா கவனிப்பா. அவ புருஷன் போனப்போ வளையலை அன்னிக்கே உடைச்சா. நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன். அவ இதைப் பார்க்கறச்சே நம்மைப் பத்தி என்ன நினைப்பா?"

"என் பொழைப்பு போயிடும் மைதிலி."

அவள் கண் கலங்கியது. கலங்கியதை நான் பார்த்தேன், அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. "போகாம பார்த்துக்கறேன். ஆனா சொல்லாம இருக்க முடியாதுடீ" என்று கையை விடுவித்துக்கொண்டு, நேராக டைரக்டரிடம் போய்விட்டாள்.

இறக்கிய விளக்குகளை மறுபடி ஏற்றினார்கள். வீட்டுக்காரர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். வளையலை அவசரமாகக் கழற்றியதில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு கீறிவிட்டது. வெறும் கையோடு அவள் கதவைப் பிடித்தபோது ஆறு மணிக்கு நாலு நிமிஷம்தான் இருந்தது. வளையலை உடைத்த காயம் போலவே இருந்த அந்தக் கீறலை டைரக்டர் அப்படியே வைத்துக்கொண்டார். மறுநாள் என்னை வர வேண்டாம் என்றார்கள். மைதிலி போன் செய்தாள். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று வைத்துவிட்டேன்.

அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது பெஹாலாவில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி எங்கள் ஹாலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அதன் அழகில் நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஆனாலும் வீம்பு. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிட்டேன். என் இடத்தில் எந்தப் பெயரைப் போட்டிருப்பார்கள் என்று பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மைதிலியின் பதிமூன்றாம் நாளன்று நந்தினி என்னை உள்ளே கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "அம்மா இதை நிறுத்தி நிறுத்தி எல்லாருக்கும் காட்டுவா, ஆன்ட்டி." நான் டிவியை அணைத்த இடத்திலிருந்து அந்த எபிசோட் ஓடியது. நகைகள் என்ற இடத்தில் என் பெயர், தனியாக, முழுசாக. என் பெயர் வராவிட்டால் தன் பெயரும் வேண்டாம் என்று மைதிலி அலுவலகத்தில் சண்டை போட்டாளாம். பார்த்துவிட்டு நானே கூப்பிடுவேன் என்று ஒளிபரப்பான அன்று ராத்திரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அந்த வீடியோவை நந்தினியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மைதிலியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நீ செய்தது சரி மைதிலி, தப்பு என்னுடையது. இந்த நாலு வார்த்தை கேட்கத்தானே நீ காத்திருந்தாய்?