விரதம் இருந்த தட்டு மரம்

சைக்கிள் கடை ஆதிமூலத்துக்குக் கடவுள் இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது. கடவுளென்று மலையைச் சுற்ற வருகிறவர்களுக்குத் தாகம் உண்டு என்பதிலும் அவருக்குச் சந்தேகம் கிடையாது. ஆகவே கோடை பிறந்தால், செங்கம் ரோட்டில் தன் கடையை ஒட்டித் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுவார். கறுப்புச் சட்டைக்காரர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த திருநீற்று நெற்றிகள், "அண்ணாமலையான் ஒனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்பா" என்று வாழ்த்திவிட்டுப் போகும். அவரும் சண்டைக்குப் போக மாட்டார். நாக்கு வறண்டவனிடம் பகுத்தறிவு பேசுவது பகுத்தறிவாகாது என்பது அவர் கட்சி.

எழுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரையில் அவர் வீட்டு மாடி அறையில் மார்த்தா என்ற ஜெர்மன்காரப் பெண் குடியிருந்தாள். அவளுடைய சொத்து ஒரு தட்டில் இருந்தது: முழங்கை உயரத்தில் ஒரு மேப்பிள் மரம். டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத்தில் எஞ்சினியராக இருந்த அவள் அப்பா, சாவதற்கு முன் போன்சாயாக வளர்த்தது. அதன் இலைகள் ஐந்து விரல் விரித்த குழந்தைக் கை போல இருக்கும். விசா விஷயமாக டெல்லிக்குப் போனவள், "அப்பாவைப் பார்த்துக்குங்க" என்று சொல்லி மரத்தை ஆதிமூலத்திடம் ஒப்படைத்தாள். அவரும் நெஞ்சைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்ற விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்ததுதான் தவறு. இலை வெயிலில் உணவு தயாரிக்கிறது. எனவே வெயில் எவ்வளவு ஜாஸ்தியோ உணவு அவ்வளவு ஜாஸ்தி. இப்படிக் கணக்குப் போட்டு மரத்தை மொட்டை மாடியில் வைத்தார். திருவண்ணாமலை வெயில் டார்ஜிலிங் வெயில் அல்ல என்பதை எந்தத் துண்டுப் பிரசுரமும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இலைகள் ஓரம் கருகி, அப்பளமாய்ச் சுருண்டு, ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ந்தன. தட்டில் நின்றது மரமல்ல, விளக்குமாற்றுக் குச்சி.

பதறிப்போய்க் கடலைப் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தவரை மனைவி சந்திரம்மாள் படியிலேயே மறித்தாள். மாடிக்குக் கூட்டிப்போய், கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை.

"உசுரு இருக்குது. சொரத்துல கெடக்கறவனுக்குக் கறிசோறா போடுவாங்க?"

"அப்ப தண்ணியாவது நெறைய ஊத்தறேன்."

"எலையே இல்ல, எங்கேர்ந்து குடிக்கும்? ஊத்தி ஊத்தி வேரை அழுவ வெக்காதீங்க. குளுந்த எடமாப் பாத்து வெச்சிட்டு கம்முனு இருங்க. ஒங்களுக்கு அதான் வராதே."

ஊரிலேயே குளிர்ந்த இடம் அவருடைய பந்தல்தான். மேலே ஓலை, கீழே ஈர மணல், மணலில் வரிசையாகப் பானைகள். அனல் காற்று வரும் பக்கம் நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, இரண்டு செங்கல் மேல் தட்டை வைத்தார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். அடிக்கடி ஈரக்கையை உதறிக் கிளைக்குக் கொஞ்சம் தூறல். மற்றபடி சும்மா இருப்பதே வேலை.

அந்த வேலையை மலை சுற்ற வந்தவர்கள் அவரைச் செய்யவிடவில்லை. பானைகளுக்கு நடுவே பீடம் போட்டு ஒரு குட்டி மரம் நின்றால், அது வெறும் மரமாக இருக்க முடியுமா? ஒருவர் குங்குமம் வைத்தார். ஒருவர் மஞ்சள் கயிறு கட்டினார். குடித்து மிஞ்சிய தண்ணீரையெல்லாம் தட்டில் ஊற்றிக் கும்பிட்டார்கள். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சுற்ற வரும் கிழவி கன்னியம்மாள், ஒரு நாள் சொம்புப் பாலோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, இது சாமி இல்ல, செடி!" என்று கத்தினார் ஆதிமூலம்.

"செடியில சாமி இல்லன்னா வேற எதுலய்யா இருக்குது, ஒன் சைக்கிள்லயா?"

வேர், அழுகல், நோய் எல்லாவற்றையும் விளக்கினார். கிழவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொம்பைச் சாய்த்தாள். அவர் சட்டென்று கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். பால் அவர் சட்டைக்கு அபிஷேகமானது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் மார்த்தாவிடம் வெறும் தட்டைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தபோது, அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"வெரதம்! மரம் வெரதத்துல இருக்குது. பச்சத் தண்ணி கூடப் படக்கூடாது!"

கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பாவத்துல தள்ளப் பாத்தியே!"

மறுநாள் பந்தலில் ஒரு சிலேட்டு தொங்கியது: 'மரம் விரதம். தொடாதீர்.' அறிவியலுக்கு அடங்காத கூட்டம் சிலேட்டுக்கு அடங்கியது. தெரியாமல் கை நீட்டியவர்களைக் கன்னியம்மாளே அதட்டினாள். அவருடைய பகுத்தறிவுக் கட்சிக்காரர் ராமதாஸ் பந்தலுக்கு வந்து, சிலேட்டை இரண்டு முறை படித்தார்.

"இன்னா அண்ணே, மரம் எந்தச் சாமிக்கு வெரதம் இருக்குது?"

"வேரு அழுவும்னு சொன்னா ஒருத்தனும் கேக்கலப்பா."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். அடுத்த கூட்டத்துல நம்ம பகுத்தறிவுத் தலைப்பையும் மாத்திட்டு, நீங்களே வெரத மகிமை பேசுங்க."

ஆதிமூலம் சிலேட்டை நேராக்கி மாட்டினார். மரம் பிழைத்தால் போதும், மானம் கொஞ்சம் போனால் போகட்டும்.

வைகாசியில் ஒரு விடியற்காலை மண்ணைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். கிளை நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி நின்று பார்த்தார், கிளையெல்லாம் சிவப்பு. சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், வாடகைக்கு நிறுத்தியிருந்த சைக்கிள்களின் மணியை வரிசையாக அடித்துக்கொண்டே ஓடினார். தெருவே எழுந்துவிட்டது.

"இன்னாங்க, திருடனா?" என்று சந்திரம்மாள் வந்தாள்.

"துளுத்துட்டான்டி!"

விரதம் முடிந்தால் படையல் போட வேண்டாமா? கன்னியம்மாள் ஒரு குண்டான் சுண்டலோடு வந்துவிட்டாள். புது இலைகள் விரல் விரித்த ஒரு நாளில் பந்தலே திருவிழாவாயிற்று. ரயில் இறங்கி மார்த்தா வந்தபோது, அவளுடைய அப்பாவின் மரத்துக்கு முன்னால் கறுப்புச் சட்டை ஆதிமூலம் வாழை இலைத் துண்டில் சுண்டல் வைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் ஆளாகக் கை நீட்டியவர் ராமதாஸ்.

ஆதிமூலம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மொட்டை மாடி முதல் சிலேட்டு வரை ஒன்று விடாமல் சொன்னார். மார்த்தா குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தாள். முன்பைவிடச் சின்னதாக, இன்னும் அழகாக இருந்தது.

"அப்பாவும் சில வருஷம் எல்லா இலையையும் கிள்ளிப் போட்டுடுவாங்க. அப்பதான் புது இலை சின்னதா வரும்" என்று அவள் தன் தமிழில் சொன்னாள். "ஆனா வெயில்ல வறுக்க மாட்டாங்க."

பந்தல் சிரித்தது. ஆதிமூலத்துக்கு மட்டும் ஒரு கணம் கோபம்: இத்தனை நாள் தூக்கம் கெட்டதற்கு இது ஒரு முடிவா? பிறகு அவரும் சிரித்து, அவள் கையில் சுண்டலை வைத்தார்.

அடுத்த சித்திரையில் வெயில் ஏறும் முன்பே, இலையெல்லாம் பச்சையாக இருந்த மரத்தை மார்த்தாவின் அறையிலிருந்து அவரே தூக்கி வந்து பானைகள் நடுவே வைத்தார். சிலேட்டையும் மாட்டினார்.

"இன்னும் ஒரு எலை கூடக் கொட்டலியே அண்ணே?" என்றார் ராமதாஸ்.

"இந்த வருஷம் அர வெரதம்பா" என்றார் ஆதிமூலம். "காலையில ஒரு வேளை தண்ணி உண்டு."